சுவரில் அறைந்த சட்டைத்துண்டு

வெர்னனின் வேட்டை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சட்டைத்துண்டுகள்தான். குறி தவறிச் சுட்டவன் எவனாக இருந்தாலும் சரி, அன்று மாலையே அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். ஐம்பது வருட அசட்டுத்தனம் அங்கே வரிசையாகத் தொங்கியது. அடுப்புக்கு மேலே இருக்கும் பச்சைக் கட்டம் போட்ட துண்டு லோரீனுடையது. போன வருடத்தது.

அது கண்ணில் படாமலிருக்க அவள் எப்போதும் அடுப்புக்கு முதுகு காட்டியே உட்காருவாள். அவள் குறி தவறவே இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

லோரீன் வெர்னனின் மூத்த மருமகள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவனுக்கு வெடிச்சத்தமே ஆகாது என்பதால் மாமனாரோடும் கொழுந்தன் எம்மெட்டோடும் நவம்பர் மாதம் மலைக்கு வருவது அவள்தான். பென்சில்வேனியாக் காட்டில் ஊரே ரைபிளோடு போகும்போது ரிவால்வரோடு மான் தேடிப் போகக் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது. இந்த வருடம் எம்மெட்டுக்கும் தொற்றிவிட்டது.

நாளை விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். நேற்றைய நன்றி நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியை ரொட்டிக்குள் வைத்து மத்தியானம் தின்றுகொண்டிருந்தார்கள். எம்மெட் தன் புது ரிவால்வரை மேசைமேல் வைத்தான். நாற்பத்து நான்கு மேக்னம், அவளுடையதைப் போலவே. பக்கத்தில் ஒரு தோட்டாப் பெட்டி. அதைப் பார்த்ததும் லோரீன் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். போன வருடம் அவள் வாங்கியது இதே பெட்டிதான்.

“என்ன அண்ணி, இப்படி முழிக்கிறீங்க? நீங்கதானே இதை ஓஹோன்னு சொன்னீங்க. நூத்தி எண்பது கிரெயின்தான் எடை. கையை உதைக்கவே மாட்டேங்குது. அம்பது கஜத்துல சுட்டேன், ஆறு ஓட்டையையும் ஒரு சாசரால மூடிடலாம்.”

“காகிதத்துக்கு எலும்பு கிடையாது எம்மெட்.” அவள் தன் பைக்குள்ளிருந்து வேறொரு பெட்டியை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். “இதை எடுத்துக்கோ. இருநூத்தி நாப்பது. கெட்டி ஈயம், மூக்கு தட்டை. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வரும். ரெண்டு ஓட்டை இருந்தா ரத்தத்தடம் தெளிவா விழும்.”

“மணிக்கட்டு கழண்டுடும்! நாம என்ன கரடிக்கா போறோம்? போன வருஷம் தப்பினது உங்க கை. பாவம், தோட்டா மேல ஏன் பழியைப் போடறீங்க?”

அடுப்போரம் பூட்ஸுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த வெர்னன் தோள் குலுங்கச் சிரித்தார். எம்மெட் அந்த லேசான தோட்டாக்களை ஒவ்வொன்றாக இடுப்பு வாரில் செருக ஆரம்பித்தான்.

வெர்னனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தவறவிட்டவனை வருடம் முழுக்கக் கேலி செய்வார், ஆனால் சோறு போடுவார். மானைக் காயப்படுத்திவிட்டு மறைத்தவனுக்கு அந்த வீட்டில் கட்டில் கிடையாது. கூடப்பிறந்த தம்பியின் மெத்தையையே ஒருமுறை பனியில் தூக்கி எறிந்தவர் அவர். அந்தத் தம்பி இருபது வருடமாக இந்தப் படி ஏறவில்லை. அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? லோரீனுக்கு இந்த வீட்டையும் இந்த ஒரு வாரத்தையும் விட்டால் தனக்கென்று வேறொன்றும் இல்லை.

எம்மெட் நான்காவது தோட்டாவைச் செருகினான்.

“நான் அதை அடிச்சேன்” என்றாள் லோரீன்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

“போன வருஷம். அந்த மான் என் பக்கம் திரும்பி நின்னுது. தோள்ல பட்டதைக் கண்ணால பார்த்தேன். எலும்புல பட்டதும் அந்தத் தோட்டா மேலாகவே சிதறியிருக்கும், உள்ள போயிருக்காது. ரத்தத்தைப் பிடிச்சு ஓடை வரைக்கும் போனேன். அப்புறம் இங்க வந்து தவறிட்டேன்னு சொன்னேன்.”

வெர்னன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். “ஓடையைத் தாண்டினியா?”

“இல்ல மாமா.”

“ஏன்?”

“தண்ணி ஓரமெல்லாம் ஐஸு. இருட்டறதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அது உயிரோட கிடந்து என்னைப் பார்த்துடுமோன்னு பயம்.”

வெர்னன் எழுந்து அந்தப் பச்சைத் துண்டைச் சுவரிலிருந்து பிய்த்தார். ஆணி தரையில் விழுந்து உருண்டது. துண்டை அவள் கையில் திணித்தார். “இது தவறவிட்டவங்க சுவரு. நட, ஓடையைக் காட்டு.”

மூன்று பேரும் துப்பாக்கி இல்லாமல், மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சுச் சட்டையோடு இறங்கினார்கள். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். லோரீன் முதலில் இறங்கினாள். குளிர் காலைக் கடித்தது. மறுகரை ஏறி ஹெம்லாக் மரங்களுக்கடியில் எண்ணிக்கொண்டே நடந்தாள். அறுபத்திரண்டாவது அடியில் நின்றாள்.

வேருக்கடியில் மண்டையோடு கிடந்தது. விலா எலும்புகளை நரிகள் இழுத்துப் பரப்பியிருந்தன. எலி கொறித்த கொம்புகளில் இடது முன்கிளை பாதியில் முறிந்திருந்தது. போன வருடம் துப்பாக்கிக் குறிக்கு மேலே அவள் பார்த்த அதே கொம்பு. அறுபத்திரண்டு அடி! பேருந்தை நிறுத்தி ஒரு பிள்ளையை வாசலில் விட்டு வரும் தூரம். எவ்வளவு நேரம் இங்கே மூச்சு வாங்கிக் கிடந்ததோ. லோரீன் மண்டியிட்டு வாய்விட்டு அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து இந்த வருடத்து மான் சீட்டை எடுத்தாள். வருடத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு கொம்புள்ள மான், அதற்கு ஒரே ஒரு சீட்டு. அடித்த மானில் அதைக் கட்டிவிட்டால் அந்த வருட வேட்டை முடிந்தது. சட்டைத்துண்டின் ஓரத்தை நாடாவாகக் கிழித்து, முறிந்த கொம்பில் சீட்டைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

எம்மெட் இடுப்பு வாரிலிருந்த நான்கு தோட்டாக்களையும் உருவிக் கோட்டுப்பைக்குள் போட்டான். “அண்ணி, உங்க பெட்டியைக் குடுங்க. கனமான தோட்டா குறிக்கு மேல போய்ப் படும்ல? இருட்டறதுக்குள்ள சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்தணும்.”

“மேசைமேலதான் இருக்கு. எடுத்துக்கோ. நான் பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பறேன்.”

வெர்னன் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“பையைத் தொடாதே. எம்மெட் நாளைக்கு எதையாவது அடிச்சா ரத்தம் பார்த்துப் போக ஆள் வேணும். ஓடையோட நின்னுடாத ஆள்.”