பதில் தெரிந்த தாணுமாலயன்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலுக்கு வெளியே, வயலை மேடாக்கி வீடு கட்டிய எங்கள் நகரில் குடியிருப்போர் சங்கம் பொங்கல் விழா நடத்தியது. பந்தலுக்குக் கீழே தம்பதிகளுக்கு ஊமை நடிப்புப் போட்டி. ஒரு மனைவி நடித்தாள். எதிரே நாற்காலியில் இருந்த கணவருக்குப் பதில் தெரிந்துவிட்டது, முகமே சொன்னது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து நான் பார்த்தது அவ்வளவுதான். பெயரும் காரணமும் குடும்பமும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “தாணுமாலயனும் சுனிதாவும் பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்த அந்த மாலையில், மிச்சமிருந்த வயல்களின் மேல் வீசிய காற்று—”

காற்று வேண்டாம். நான் காற்றைக் கூப்பிட்டால் விஷயத்துக்கு வரப் பயப்படுகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: “சுனிதா பிடிவாதக்காரி.” இதையும் அடித்துவிட்டேன். (அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.) அந்த ஒரு சொல்லிலேயே பழி முழுவதும் அவள் தலையில் விழுந்துவிடுகிறது. கதையைத் தாணுமாலயன் பக்கத்தில் நின்று சொல்லப்போகிறேன் என்பது உண்மை. அதற்காக அவருக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

3

தாணுமாலயனுக்குச் சொந்தபந்தத்தில் ஒரு பெயர் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் துட்டி சொல்லப் போகிறவர் அவர்தான். சாவுச் செய்தியைப் போனில் சொன்னால் மரியாதை இல்லை என்று நினைக்கிற குடும்பம் அது. பைக்கில் போய் வாசலில் நிற்பார். உள்ளே ஏறமாட்டார், கொடுத்த தண்ணீரையும் குடிக்கமாட்டார். இன்னார் போய்விட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். பதறாமல் சொல்லத் தெரிந்த மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மாமனார் முத்துக்குமாரசாமி இறந்த அன்றும் அவர்தான் கிளம்பினார். பூதப்பாண்டியிலிருந்து கருங்கல்வரை ஒரு வீடு விடவில்லை. செத்தவரின் ஒரே மகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

சுனிதா அப்போது கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல் பிரிக்கட்டும், வீட்டுக்கு வரட்டும் என்று இவர் நாளைத் தள்ளினார். மாமனாருக்குக் கொள்ளி வைத்ததும் இவர்தான். வைத்துவிட்டு வந்து, குளித்து, அவளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்.

“அப்பா சாப்பிட்டாராமா?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டாச்சு” என்றார்.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நானாகக் கற்பித்த பொய்தான்.)

இரண்டு நாள் கழித்து, சாத்துக்குடிப் பையோடு பார்க்கவந்த ஒரு தூரத்துச் சித்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்: “அப்பாக்க பதினாறு என்னைக்கு மக்களே?”

அன்று சாயங்காலம் சுனிதா அவரிடம் கடைசியாகப் பேசினாள். “ஊருக்கெல்லாம் போய்ச் சொன்னியளே. எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?”

4

பேச்சில்லாத வீடு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நன்றாகவே நடக்கும். அதுதான் பயங்கரம். முதலில் மகள் லட்சுமிப்ரியா நடுவில் இருந்தாள். “அப்பாட்ட சொல்லு, மோட்டார் போட்டாச்சுன்னு.” அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு கைகள் மட்டும்தான். பால் தீர்ந்தால் சுனிதா காலிப் பாத்திரத்தை மேசையில் கவிழ்த்து வைப்பாள். தலைவலி என்றால் இவர் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவார், காப்பி வரும்.*

* வாசகருக்கு: காப்பி கொடுத்தாளே, மன்னித்துவிட்டாள் என்று முடிவுகட்ட வேண்டாம். நானும் முதல் பிரதியில் அந்தத் தப்பைச் செய்தேன்.

5

பொங்கலுக்கு வந்த லட்சுமிப்ரியாதான் இருவர் பெயரையும் போட்டிக்குக் கொடுத்தாள். “ஏட்டி, உனக்குக் கிறுக்கா?” என்று சுனிதா பல்லைக் கடித்தாள். பெயரை வாசித்தாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் மறுத்தால் வீட்டு விஷயம் வெளியே வந்துவிடும். இருவரும் எழுந்து போனார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் குளோரி டீச்சரே விளக்கட்டும். போட்டியை நடத்தியவர் அவர்தான்.

“சினிமாப் பேரு கிடையாது, போன வருசம் அதுல சண்டையாச்சு. ஊருப் பேரு, பலகாரம், தொழில், இவ்வளவுதான். ஒருத்தர் சீட்டு எடுத்து நடிக்கணும். நடிக்கிறவங்க மிண்டப்பிடாது, உதட்டக்கூட அசைக்கப்பிடாது. எதிர இருக்கவங்க பதில உரக்கச் சொல்லணும். மத்தவங்க வாயப் பொத்திட்டு இருக்கணும், செரியா?”

கவனித்தீர்களா? நடிப்பவள் பேசவே வேண்டாம். பேச வேண்டியவர் தாணுமாலயன்.

சீட்டில் என்ன எழுதியிருந்தது? முதலில் ‘அப்பா’ என்று வைத்தேன். வெட்கமாக இருந்தது, டீச்சரின் விதிக்கும் பொருந்தாது. பிறகு ‘வட்டக்கோட்டை’ என்று மாற்றினேன். சுலபமான சீட்டு. விரலால் ஒரு வட்டம், கையால் ஒரு மதில், முடிந்தது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சுனிதா சீட்டைப் பார்த்தாள். வட்டம் போடவில்லை. காற்றில் பறக்கிற முந்தானையை அடக்குவதுபோல ஒரு கையைத் தோளில் வைத்தாள். எட்டிக் கீழே பார்த்தாள். பிறகு குனிந்து, இல்லாத செருப்புகளைக் கழற்றுவதுபோலப் பாவனை செய்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“செருப்புக் கடைலா?” என்று யாரோ கத்த, டீச்சர் அதட்டினார்.

தாணுமாலயனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இருவரும் வட்டக்கோட்டைக்குப் போயிருந்தார்கள். மதில்மேல் நின்றபோது அவருடைய செருப்பு ஒன்று கடலில் விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏற அவர் கூசினார். அவள் உடனே தன் இரண்டு செருப்புகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “இப்ப ரெண்டுபேருக்கும் இல்ல. வாங்க” என்றாள். வீடுவரை வெறுங்காலோடு வந்தார்கள்.

வட்டம் போட்டிருந்தால் ஊருக்கே புரிந்திருக்கும். அவள் அதை வேண்டாமென்று விட்டாள். உலகத்தில் ஒரே ஒருவருக்குப் புரிகிற ஒன்றை எடுத்தாள்.

6

முடிவு, ஒன்று: “வட்டக்கோட்டை” என்கிறார். கைதட்டல். பரிசாக ஹாட்பாக்ஸ் கிடைக்கிறது. வீட்டுக்குப் போகிறார்கள், பழையபடி அமைதி. விளையாட்டில் சொன்ன பதிலைப் பேச்சு என்று அவள் கணக்கில் எடுத்துக்கொள்வாளா? மாட்டாள்.

முடிவு, இரண்டு: சொல்லவில்லை. நேரம் முடிகிறது. அவள் போய்த் தன் இடத்தில் உட்காருகிறாள். இனி எந்த ஜாடையும் காட்டமாட்டாள். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு, மூன்று: அவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். துட்டி சொல்லப் போகிற வீட்டு வாசலில் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சீட்டிலிருப்பதைச் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிகிறது. “சுனிதா, உனக்க அப்பா—”

இந்த வாக்கியத்தை என்னால் முடித்துவிட முடியும். மூன்று தடவை முடித்தும் பார்த்தேன். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவள் அந்தச் செய்தியை ஏற்கெனவே ஒருமுறை வேறு யாரோ ஒருவர் வாயால் கேட்டுவிட்டாள். இன்னொரு முறை என் வாயால் கேட்கக் கூடாது. நீங்களும் உதடு அசைக்க வேண்டாம்.

சொல்ல வேண்டியவர் எழுந்து நிற்கிறார். அவள், இல்லாத செருப்புகளைப் பிடித்தபடி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.