ஒன்பது மணிக் கோளாறு

கிருஷ்ணப்பிரியா அந்தக் கடைக்கு வருவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் மதியத்தில் வந்தாள். இரண்டு முறையும், கோப்புகளைப் பிரதி எடுத்துச் சேமிக்கும் அந்தப் பேக்கப் சாஃப்ட்வேர் சமர்த்தாக வேலை செய்து காட்டியது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியும் பார்த்தாயிற்று. அவள் முகப்பேரில் இருக்கும் வீட்டுக்கு வண்டியைத் திருப்பிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி அதே கூத்து. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகத் தொடங்க வேண்டியது, 'சேமிக்கும் இடம் காணவில்லை' என்று ஒரு வரி புலம்பிவிட்டுத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற ஆளுக்கு என்ன மருந்து கொடுப்பது? அதனால் இந்தச் சனிக்கிழமை, கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்சந்தில் இருக்கிறது ஜெபாவின் கடை. பள்ளிச் சட்டைக்கு பேட்ஜ், கம்பெனி பனியனுக்கு லோகோ, எல்லாம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. பதினான்கு வருஷத்து டிசைன்கள் அந்த ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அத்தனையும் ஜெபாவின் கணவர் இருதயராஜ் போட்டவை. போன வருஷம் மாரடைப்பில் அவர் போன பிறகுதான், வீட்டோடு இருந்த ஜெபா கடைக்கு வர ஆரம்பித்தாள். டிசைன் போனால் கடையே போச்சு என்று பயந்து, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் பேக்கப்பும் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தது கிருஷ்ணப்பிரியாதான்.

ஜெபா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். ஷட்டர் ஓரமாக நின்றிருந்த கடை வேலையாள் வடிவின் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லம்மா, ஆள்கிட்ட இருக்கு. கடைய தெனம் திறக்கறது வடிவுதான். போன திங்கக்கிழமை சாவிய வாங்கிட்டேன். அன்னிலேர்ந்து நான்தான் திறக்கறேன். அஞ்சு நாளும் பேக்கப் ஒழுங்கா ஓடுது. இதுக்கு மேல என்ன வேணும்? அடுத்த தெருக்காரன் அச்சு அசலா நம்ம பேட்ஜை அடிச்சு ஸ்கூலுக்குக் குடுத்திருக்கான். எடுத்துக் குடுக்கறது இவதான். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னியோட அனுப்பிடறேன்."

கிருஷ்ணப்பிரியா வடிவைத் திரும்பிப் பார்த்தாள். சாஃப்ட்வேரைச் சரிபண்ண வந்த இடத்தில் ஒருத்தியின் பிழைப்பைத் தன் வாயில் கொண்டுவந்து வைக்கிறார்களே. ஆனால் கூடவே ஒரு குறுகுறுப்பு. பேட்ஜ் படத்தைப் பள்ளிக்கூடமே எவனுக்கு வேண்டுமானாலும் கொடுக்கும். அப்படியே திருடுகிறவள் என்றாலும், டிசைனைப் பிரதி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? பேக்கப்பை ஏன் நிறுத்த வேண்டும்? இதில் ஏதோ இடிக்கிறது.

"அக்கா, சாவிய அவங்ககிட்ட குடுங்க. காலைல வந்து என்னென்ன செய்வாங்களோ அப்படியே செய்யட்டும். நான் பாக்கணும்."

வடிவு ஆவடியிலிருந்து ஏழு வருஷமாக ரயிலேறி வருகிறவள். எதற்கு இந்தச் சோதனை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. "இன்னா மேடம், திருடன இட்டாந்து நடிச்சுக் காட்டச் சொல்றா மாதிரி கீது," என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கினாள். சிரிப்பு வரவில்லை.

ஷட்டரைத் தூக்கினாள். பெருக்கினாள். வாசலில் தண்ணீர் தெளித்தாள். சுவிட்சுகளைப் போட்டு, குனிந்து கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது, பேக்கப்பும் கூடவே வந்து மளமளவென்று வேலையைத் தொடங்கியது.

"பாத்தியா? ஆள் எதிர்ல நின்னா ஒண்ணும் ஆகாது," என்றாள் ஜெபா.

கிருஷ்ணப்பிரியா வேறொன்றைப் பார்த்திருந்தாள். பொத்தானை அழுத்துவதற்கு முன் வடிவின் கை இடுப்புப் பர்ஸுக்குப் போய், சட்டென்று திரும்பி வந்திருந்தது.

"ஒண்ண விட்டுட்டீங்களே, வடிவக்கா."

"இல்லியே."

"கை போச்சே."

வடிவு ஜெபாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து, நீல நூல் சுற்றிய ஒரு பழைய பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஜெபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லல? ஏழு வருஷம் கூட வெச்சிருந்தோமேடி. இதுல என்ன வெச்சிருக்க?"

"வேணாங்க்கா. கேக்காத," என்றாள் வடிவு.

கிருஷ்ணப்பிரியா கம்ப்யூட்டரை அணைத்தாள். பென் டிரைவைச் செருகி மறுபடி போட்டாள். வந்தது அந்தப் புலம்பல்: சேமிக்கும் இடம் காணவில்லை. அப்பாடா, இரண்டு மாதமாகத் தண்ணி காட்டியது இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டியது. அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, இது திருட்டு இல்ல. ஹார்ட் டிஸ்க்குக்கு கம்ப்யூட்டர் 'ஈ'ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தைப் பேரா வெச்சிருக்கு. பேக்கப் அந்தப் பேரைத்தான் தேடும். போடறப்பவே இந்தப் பென் டிரைவ் சொருகியிருந்தா, அந்த எழுத்த இது பிடிச்சுக்குது. ஹார்ட் டிஸ்க் வேற எழுத்துக்குப் போயிடுது. பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரிதான்."

"அது சரி. அதுல என்னதான் இருக்கு?"

கிருஷ்ணப்பிரியா அதைத் திறந்து பார்த்தாள். "டிசைன் ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தின ஒரே ஒரு பாட்டு." சொல்லிவிட்டு அதைத் தட்டினாள்.

முதலில் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுருதி கொஞ்சம் இறங்கி, கோயிலில் பாடும் காலைப் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் பாட்டு நின்றது. 'வடிவு, அந்த நீல நூல மாத்து, அறுந்துடப் போவுது,' என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடியது.

ஜெபாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அது இருதயராஜின் குரல். பாட்டு முடிந்தது.

"அண்ணாத்தே தெனிக்கும் இத்த போட்டுட்டுதான் மிஷின ஓட்டுவாரு," என்றாள் வடிவு. "அவரு போனப்புறமும் நான் வுடல. நீ கேட்டா தாங்க மாட்டேன்னு, பத்து மணிக்கு நீ வந்துகினு இருக்கறப்பவே கழட்டிடுவேன். சாவிய வாங்கினியே, அந்த அஞ்சு நாளும் பாட்டும் இல்ல, எனக்கு சோறும் எறங்கல."

"உன்னப் போய் தப்பா நெனச்சுட்டேனே வடிவு," என்றாள் ஜெபா. உடைந்து அழுதாள்.

கிருஷ்ணப்பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள். "இதுக்கு வேற காப்பி இருக்கா?"

"இது ஒண்ணுதான்," என்றாள் வடிவு.

பேக்கப்பை மறித்துக்கொண்டிருந்த அந்தப் பென் டிரைவுக்கே பேக்கப் இல்லை. கிருஷ்ணப்பிரியா ஹார்ட் டிஸ்க்குக்கு யாரும் போட்டிக்கு வராத கடைசி எழுத்தைக் கொடுத்தாள். பாட்டை டிசைன்களோடு சேர்த்து ஏற்றினாள். பென் டிரைவ் செருகியபடியே கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். பேக்கப் எழுந்து வந்தது, எண்ணி முடித்தது. நேற்று நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கோப்புகள். இன்றைக்கு ஒன்று அதிகம்.

வடிவு சாவியை நீட்டினாள். ஜெபா அதை வாங்கவில்லை. வடிவின் விரல்களை மடக்கி, சாவியை அவள் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து அழுத்தினாள்.

"திங்கக்கிழமை நீயே திற. ஒம்பது மணிக்கு நானும் வந்துடறேன்," என்றாள். "நான் வர்ற வரைக்கும் பாட்டப் போட்டுடாத."