புல்வெளிக்கு அடியில்

மேட்டுப்பாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பங்களாவுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. இப்போது அதில் வசிக்கும் தம்பிதுரையின் தாத்தா இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோலக் கட்டியது. மாடியில் நின்றால் கண் போகிற தூரம்வரை புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, திட்டுத்திட்டாய் மரங்கள். நடுவில் மனித வாடையே கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு.

"முன்னால இங்க என்னங்கய்யா இருந்துச்சு?" என்று கேட்டாள் நந்திதா. பங்களாவின் வரலாற்றை எழுதக் கோவையிலிருந்து வந்தவள்.

"வெறுங் கல்லுக் கரடுங்க அம்மணி," என்றார் தம்பிதுரை. " யாரு குடியையும் எங்க தாத்தா கெளப்புலீங்க. அத மொத வரியா எழுதிப்போடுங்க."

ஊர் வெகுநாளாய் வேறு கதை பேசிக்கொண்டிருந்தது. இந்தப் புத்தகத்தோடு அதன் வாயை அடைத்துவிட வேண்டும் என்றிருந்தார் தம்பிதுரை.

ஆனால் அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. தண்ணீர் காணாத புல்லில் மஞ்சள் கோடுகள் எழுந்திருந்தன; கட்டம் கட்டமாய், வரிசையாய். மண்ணுக்குள் சுவர் புதைந்திருந்தால் அதன்மேல் புல் முதலில் காயும் என்றாள் நந்திதா.

"செவுரெல்லாம் இல்லீங்க, பாறை. வாங்க, நடந்தே காட்டறேன்."

உச்சி வெயிலில் இறங்கினார்கள். முதல் கட்டத்தின் கோட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அவர் அதை நெருங்கியதும் விறகுப் புகை வாடை அடித்தது. பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஒரு பெண்குரல்.

"வாங்க சாமி."

எதிரி வீட்டு வாசலானாலும், 'வாங்க' என்றவருக்குப் பதில் சொல்லாமல் போவது அவர் குடும்பத்தில் இல்லை. யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"வந்தனுங்க."

நந்திதா நின்றுவிட்டாள். "யாருக்குங்கய்யா சொன்னீங்க?"

யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. வரவேற்றவளை வாசலில் வைத்தே இல்லை என்பதா?

"அந்த மொத வரிய அடிச்சுப்போடுங்க," என்றார். "இங்க ஊரு இருந்துச்சு."

அடுத்த கட்டத்திலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார். அதற்கடுத்ததில் குழந்தைகள். தம்பிதுரை செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தார். கூப்பிடும் குரல்களின் வரிசை ஏரிக்கரையோடு முடியவில்லை. பாசி படர்ந்த தண்ணீருக்குள்ளும் இறங்கிப் போனது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நந்திதா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்கய்யா."

தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்ட குரல் இந்த முறை அவளுக்கும் கேட்டிருந்தது.