அடியில் மஞ்சள்

மகன் ஸ்டூலின் மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த படத்தின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கப் போகும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே அம்மா போய்விட்டதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அத எறக்காத."

"அத்தைதான் சொன்னாங்கப்பா. வர்றவங்க யாராவது இடிச்சா அம்மா மேல விழுந்துடும்னு."

"இருக்கட்டும். அவளோடதுதானே."

மகன் இறங்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நகர்த்திப் போட்டான். கட்டிலில் அம்மா வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருந்தாள். பின்னால், பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு அந்தப் படம். எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம், இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம், கீழே நடுங்கிக்கொண்டே போகும் சிவப்புக் கோடு. ஆளும் இல்லை, மரமும் இல்லை. முதன்முறை பார்ப்பவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், மறுபக்கமும் சாய்ப்பார்கள், பிறகு எதற்கு வம்பு என்று "நல்லா இருக்கு" என்பார்கள்.

அது அம்மாவின் கவிதை. கல்யாணமான புதிதில், டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாளாம். கேட்டுக்கொண்டே அப்பா தூரிகையை எடுத்துவிட்டாராம். "நான் சொன்னது நாலு வரி. இவருக்கு ஒரு சுவரே தேவைப்பட்டுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மகன் பிரேம் கடை வைத்தபிறகு, அதைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டு, வீட்டுச் சுவருக்கு அலங்காரம் என்று விற்றான். அப்பாவின் மற்ற படங்கள் மூலையில் தூசி படிந்து கிடக்க, இது மட்டும் சக்கைப்போடு போட்டது. எந்த சோபாவுக்கும் ஒத்துப்போகிற நிறம், அதுதான் காரணம். அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு வந்ததில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தப் படம் தொங்கியது. பல் டாக்டர் தன் கிளினிக்கில் மாட்டியிருந்தார். அம்மாவின் காலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்பாவிடம் வந்தார்.

"வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் அதத்தான் சார் பாத்துட்டிருப்பாங்க. கீழ 'ஒரு கவிதையிலிருந்து'ன்னு போட்டிருக்கே, என்ன கவிதைன்னு கேப்பாங்க. அம்மாகிட்டயே ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன்." தயங்கினார். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க அதச் சொல்லலாமே."

அத்தைக்கும் அது சரியென்று பட்டது. "ஆமாண்ணா. அண்ணி குரல்தான் இனிமே இல்ல. அவங்க வார்த்தையாவது இந்த வீட்டுல ஒரு தடவ கேக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அவர் உதடு இரண்டு முறை அசைந்தது. அப்புறம் அசையவில்லை. மகன் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான்.

"எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களாப்பா?"

"அவ எங்க எழுதினா. சொன்னா, அவ்வளவுதான்."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அப்பா தரையைப் பார்த்தார். "அதான் படம் இருக்கேன்னு இருந்துட்டேன்."

மகனும் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து வீட்டுச் சுவரில் இருப்பதைப் பற்றி யார் கேட்கிறார்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது நினைத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வண்டி வந்துவிட்டதாக வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள். அப்பா காதில் அது விழவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார்.

"அவ ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு நிறமா போட்டேன். வரிசையா போனா வந்துடும்" என்றார். "சிவப்பு கடைசி. அதுக்கு முன்னாடி கட்டம். அதுக்கும் முன்னாடி சாம்பல்."

சட்டத்தின் ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினார். சாம்பல் பொடியாக உதிர்ந்தது. உள்ளே கடுகளவுக்கு வேறொரு நிறம் தெரிந்தது.

"அடியில மஞ்சள்" என்றார். "மஞ்சள்லதாண்டா ஆரம்பிச்சிருக்கா."

"என்ன சொன்னாங்கப்பா?"

"வெளிச்சமா ஏதோ ஒண்ணு. ஜன்னலா... இல்ல, யாரோட வீட்டு லைட்டோ... தெரியலியே. அப்புறம் எதுக்கு இவ்வளவு சாம்பலப் பூசினேன்? அப்படி என்ன சொல்லிட்டா?"

மஞ்சளிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து மஞ்சளுக்கும் அவர் விரல் போய்ப் போய் வந்தது. "அண்ணா, நேரமாகுது" என்றாள் அத்தை. அவர் நகரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அம்மா கிடந்தாள். மகன் உள்ளே நுழைந்து அவர் தோளைப் பிடித்தான்.

"அப்பா, அம்மா இந்தப் பக்கம் இருக்காங்க."

அப்பா திரும்பினார். அம்மாவின் முகத்தைக் காலையிலிருந்து அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். மெல்லக் குனிந்து அவள் காதருகே போனார்.

"இன்னொரு தடவ சொல்லேன்" என்றார்.

வாசலில் வண்டிக்காரர், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார்.