மரம் சரியில்லை

அந்தியூர் சந்தைக்குப் போகிறவர்கள் குதிரை பார்ப்பார்கள், மாடு பார்ப்பார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பை பொரியாவது வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மயில்சாமி என்ன வாங்கி வந்தார் தெரியுமா? உடைந்துபோன ரேக்ளா வண்டியில் மாடு பூட்டுகிற ஏர்க்கால்! ஆளைவிட நீளமான அந்த மரத்தை பஸ்ஸில் ஏற்றுவதற்கே கண்டக்டரோடு பெரிய பஞ்சாயத்து. கணபதி ஸ்டாப்பில் இறங்கி வீட்டு வாசலில் வந்து நின்ற புருசனைப் பார்த்துச் சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, ஊட்டுல இருக்கற கட்டை பத்தாதுன்னு இது வேறயா?”

“சடச்சி மரம் சாந்தா. எப்படி வளைச்சாலும் ஒடியாது. இதுக்காக எத்தன வருசமாத் தேடறேன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன! கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதைத்தானே பார்க்கிறாள். அவருக்குப் பவுண்டரியில் பேட்டர்ன் வேலை. பம்புக்கு இரும்பு ஊற்றும் முன்னால் அதன் வடிவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுக்க வேண்டும். வாரமெல்லாம் மரத்தோடு கிடந்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை மற்ற ஆம்பளைகள் கறி வாங்கப் போகும்போது இந்த மனுசன் வில் செதுக்க உட்கார்ந்துவிடுவார். செய்ததைப் பக்கத்துக் காலி மனைக்கு எடுத்துப்போய், வைக்கோல் கட்டைப் பார்த்து நாலு அம்பு விட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஏர்க்காலை இரண்டு நாள் தட்டியும் தடவியும் பார்த்தார். இன்ன வில் என்று மரம்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்சி. ஒரு கணு இல்லை, நார் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது, இதற்கு நுனி இரண்டும் எதிர்ப்பக்கம் வளைந்த முரட்டு வில்தான் பொருத்தம் என்று முடிவு செய்தார்.

“நுனிய ஆவியில வேக வெச்சுத்தான் வளைக்கோணும். அந்த இட்லிப் பானைய எடு.”

“என்ற இட்லிப் பானையத் தொட்டுத்தான் பாருங்களேன்!”

பானை தப்பித்தது. அதற்குக் காரணம் சாந்தாமணியின் கோபம் இல்லை. அடுத்த வாரமே அவருடைய வலது கை சட்டைப் பொத்தானைப் போட மறுத்தது. உளி இரண்டு தரம் காலடியில் விழுந்தது. ஆர்.எஸ்.புரத்து டாக்டர் என்னென்னவோ டெஸ்ட் எடுத்துவிட்டு, இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நரம்பு மெலிந்துகொண்டே போகிற வியாதி. மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. கையில் ஆரம்பித்தது கையோடு நிற்காது.

“சரிங்க டாக்டர்,” என்றார் மயில்சாமி, ஏதோ கரண்ட் கட் ஆகும் நேரத்தைச் சொன்ன மாதிரி.

திரும்பி வரும்போது ஆட்டோ காந்திபுரத்தைத் தாண்டியது. அப்புறம் சொன்னார்: “அந்த மரத்துல ஒரு கணு இருக்குது சாந்தா. முரட்டு வில்லு தாங்காது. பட்டையா, சித்த லேசா இழுக்கற மாதிரி செஞ்சுக்கலாம்.”

சாந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கணு? நேற்றுவரை இல்லாத கணு டாக்டர் வீட்டுக்குப் போய்வருவதற்குள் முளைத்துவிட்டதா? ஆனாலும் “செஞ்சுக்கலாமுங்க,” என்றாள்.

மாதம் ஆக ஆக மரத்துக்கு வியாதி கூடிக்கொண்டே போனது. நார் கோணலாக ஓடுகிறது என்றார்; பட்டை வில் இன்னும் மெல்லிசாகிப் போனது. பூச்சி அரித்திருக்கிறது என்றார், இன்னும் மெலிந்தது. ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது சாந்தாமணி அதை வெயிலுக்குக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அட மனுசா, கை முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்ந்து அழுதாவது தொலைக்கலாமே! ஊமை மரத்தின் மேல் இப்படிப் பழி போடுவதா? கொடுமுடி கோயிலுக்குப் போய் அழுது வேண்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சாமிக்கும் காது கேட்கவில்லை.

கடைசியில் சுரண்டுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது.

“கண்ணாடிய எங்கயோ வெச்சுப்போட்டேன். நீயே சித்த சுரண்டு அம்மணி.”

மூக்குக்கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் அதைச் சொல்லாமல் சுரண்டினாள். இங்கே எடு, அங்கே விடு என்று அவர் சொல்லச் சொல்ல, சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. இனி இதைவிட லேசாக்க வழியில்லை என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். நாணையும் அவளே பூட்டினாள்.

மறுநாள் காலையில் காலி மனைக்குப் போனார்கள். வில்லை அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார். வலது கை விரல்களை நாணில் ஒவ்வொன்றாக அவள்தான் மாட்டிவிட்டாள். இழுத்தார். ஒரு சாண் வந்தது, விரல் நழுவி நாண் திரும்பிப் போய்விட்டது. மறுபடி இழுத்தார். அந்த ஒரு சாணும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, வேர்த்து வழிய நின்றார். வில்லைச் சின்னப் பிள்ளைக்குக் கூடப் போதாத அளவுக்கு மெலிய வைத்தாகிவிட்டது. இன்னும் என்னதான் செய்வது?

“நீ இழு, பாக்கலாம்,” என்று நீட்டினார்.

அவள் ஆயுசில் வில் பிடித்தவள் இல்லை. மாவாட்டுகிற கை, தண்ணிக்குடம் தூக்குகிற கை. நாண் கன்னம் வரைக்கும் வெண்ணெயாக வந்தது. மேலும் கீழும் ஒரே அளவாக வளைந்து நின்றது வில். மயில்சாமி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரைக்கும் பார்த்தார், பவுண்டரியில் முடித்த பேட்டர்னைப் பார்ப்பது போலவே.

“மரத்துல ஒரு கொறையும் இல்ல சாந்தா,” என்றார்.

இத்தனை மாதம் அவள் காத்துக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்தபிறகு தாங்க முடியவில்லை. இழுத்த நாணோடு நின்றபடியே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“போங்க, உங்களுக்கு என்ன தெரியும்? கணு இருக்குதுங்க. நானே தடவிப் பாத்தனுங்க. நாரு கோணலா ஓடுதுங்க.”

“சாந்தா, நாணைப் பட்டுனு உட்டுறாத. அம்பில்லாம உட்டா வில்லு ஒடிஞ்சுபோகும். மெதுவா எறக்கு.”

பிடித்து இறக்கிவிட அவருக்குக் கை எழவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “மரஞ் சரியில்லீங்க, மரந்தான் சரியில்லீங்க,” என்று சொல்லிக்கொண்டே அவள் நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.