பர்லாங்குக்கு ஒரு வயது

கவுஞ்சி சின்னச்சாமியின் மகள் பாப்பம்மாள், தாயைப் பிரிந்த தூரத்துக்குத் தக்கபடி, பர்லாங்குக்கு ஒரு வயது வீதம் குறைந்துவிடுவாள். 1957ஆம் வருடம் ஆனி மாதத்தில் தாயின் பக்கத்தில் அவளுக்கு ஐந்து வயது. தாய் அன்னக்கொடி இரண்டு பர்லாங் தள்ளியிருந்த ஓடைக்குத் தண்ணீருக்குப் போனால் மூன்று வயது. ஐந்து பர்லாங் தள்ளி விறகுக்குப் போனால், பல்லில்லாத வாயால் விரலைச் சூப்பிக்கொண்டு தன் பாவாடைக்குள்ளேயே புதைந்து கிடப்பாள். தாய் விறகுக் கட்டோடு ஏறி வர வரப் பல் முளைத்து, முடி நீண்டு, வாசலுக்கு வரும்போது பழையபடி ஐந்து வயதாகி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். பூம்பாறைக்குப் போய்க் குழந்தை வேலப்பருக்கு மொட்டை போட்டுப் பார்த்தார்கள். சாமியே குழந்தையாக நிற்கிற கோயில் இது, இதையெல்லாம் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று பூசாரி சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அன்னக்கொடி மகளை விட்டு ஐந்து பர்லாங்குக்கு மேல் போனதில்லை. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியமும் இல்லை. கூடப் பிறந்த தம்பியின் கல்யாணத்துக்கு மன்னவனூர் போனபோதும் மகளை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனாள்.

அந்த ஆனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவள்தான் முதலில் சொன்னாள். சின்னச்சாமிக்கு அதில் அவ்வளவு அவசரமில்லை. ஊரின் கீழ்க்கோடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஐந்து வகுப்புகளையும் நடத்தி வந்தவர் குருநாதன். பழநி அடிவாரத்தில் யாத்திரிகர்களுக்குப் பஞ்சாமிர்தம் விற்கும் குடும்பத்துப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவர், மலைக் குளிர் பழகாமல் ஆடியிலும் சித்திரையிலும் கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருப்பார். பாப்பம்மாளை வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டாள். பதிவேட்டைத் திறந்து பெயர் எழுதப் போனவர், ஊரில் கேள்விப்பட்டது நினைவுக்கு வரவே பேனாவை நிறுத்தினார்.

"நீங்க இருக்கும்போது தொடுதா, சரி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல நீங்களாம்மா உக்காரப் போறீங்க? வீட்டுக்குப் போங்க, பாப்போம்."

வீடு மேல்கோடியில் இருந்தது, சரியாக மூன்று பர்லாங். அன்னக்கொடி போய்ச் சேர்ந்தபோது பாப்பம்மாளுக்கு இரண்டு வயது. கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. எழுதிப் பழகுவதற்காகத் தரையில் பரப்பியிருந்த மணலை நனைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து அழுதாள். காலையில் சொன்ன அ, ஆ, இ எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அன்னக்கொடி சண்டைக்கு வந்தாள். வீட்டில் ஐந்து வயது ஆகிறது என்று நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தாள். பெஞ்சில் எத்தனை வயதோ அதைத்தான் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று குருநாதன் சொன்னார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஈர மணலை அன்று அவரே அள்ளிக் கொட்டியிருந்தார்.

அந்த வருடம் முழுவதும் அன்னக்கொடியின் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. களையெடுக்கும்போதே எழுந்து வீட்டைப் பார்க்க ஓடுவாள், வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். பத்தடி குறுக்கு வழி கிடைத்தாலும் பத்தடி லாபம் என்று புதருக்குள் தடம் போட்டுப் பார்த்தாள். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருக்க, அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்பாள். ஏழு வயதானால் ஏழு பர்லாங். இருபது வயதானாலும் இருபது பர்லாங்தான், மன்னவனூரை எட்டாது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் எத்தனை பர்லாங் என்று கணக்குப் போடுவது? அந்த இடம் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டு மறுபடி பள்ளிக்கூடத்துக்கு நடக்கத் தொடங்குவாள்.

அடுத்த ஆனிக்குள் சின்னச்சாமி ஒரு காரியம் செய்தார். ஓடைத் தண்ணீர் பாயும் தன்னுடைய ஒன்றரை ஏக்கர் பூண்டு வயலைத் திருமலைச்சாமிக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவருக்கிருந்த கல்லுக்காட்டை மாற்றி வாங்கினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. திருமலைச்சாமியே இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். ஆனால் அன்னக்கொடி அந்தக் காட்டில் கல் பொறுக்கினால் பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கும் அவளுக்கும் நாற்பது அடிதான். பாப்பம்மாளின் கை காதைத் தொட்டது, தொட்டபடி நின்றது. குருநாதன் பெயரை எழுதினார்.

அவள் நன்றாகப் படித்தாள். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அன்னக்கொடி மூன்று பர்லாங் தள்ளி ஒரு வீட்டுக்கு விதைப்பூண்டு கேட்கப் போயிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை பெஞ்சில் நாலு வயதாகச் சுருங்கி, பலகையை மடியில் வைக்க முடியாமல் தரையில் போட்டு, இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து, காலையில் விட்ட கழித்தல் கணக்கைத் தப்பில்லாமல் முடித்ததைக் குருநாதன் பார்த்தார். அழவில்லை, எதையும் நனைக்கவில்லை. அன்னக்கொடி திரும்பி வந்ததும் சன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒடம்புதான் சிறுசாகுது. படிச்சது அப்படியே கெடக்கு. நீங்க தாராளமா நாலு இடம் போய் வரலாம். புள்ள பள்ளிக்கூடத்துக்குத் தயாராயிருச்சு."

"நாலு பர்லாங்குக்குச் சொல்றீங்க சார்," என்றாள் அன்னக்கொடி. "நாப்பதுக்கு யாரு சொல்றது?"

குருநாதன் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்.

அப்போது அன்னக்கொடி மறுபடி உண்டாகியிருந்தாள். ஊரில் பிரசவம் பார்க்கும் கந்தம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பங்குனி பிறந்ததும் பாப்பம்மாளையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்குவதாக முடிவு செய்தார்கள். ஆனால் 1960 மாசியில், அரை மைல் கீழே ரோட்டு வளைவில் ஒட்டன்சத்திரத்து லாரிக்குப் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லுக்காட்டில் விளைந்த முதல் பூண்டு அது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போன அன்னக்கொடி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே ரத்தம் கொட்டச் சரிந்தாள். மூட்டை கட்ட வந்திருந்த கந்தம்மாள் புடவையைச் சுருட்டி அடைத்துக்கொண்டே, அவளை லாரியில் ஏற்றச் சொல்லிக் கத்தினாள். பிள்ளையை எடுக்க ஊருக்கு ஏறலாமென்றால், அந்த ரோட்டில் லாரி திரும்ப மன்னவனூர் வரை போக வேண்டும். முகம் கோடைக்கானலைப் பார்த்து நின்றது.

சின்னச்சாமி லாரியின் முன்னால் போய் நின்றார். "அரை மணி நேரம் பொறுங்கண்ணே. மேல ஓடிப்போய்ப் புள்ளையத் தூக்கிட்டு வந்துர்றேன்."

"இவ கெடக்குற கெடைக்கு அரை மணி நேரம் கேக்குறியா?" என்றாள் கந்தம்மாள். "வழிய விடு."

டிரைவர் செல்லப்பாண்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். மூட்டைகளின் மேல் கிடந்த அன்னக்கொடியின் விரல்கள் அசைந்தன. இருபத்தைந்து மைல், மைலுக்கு எட்டு, பிள்ளைக்கு ஏழு. எண்ணி முடித்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரு சொன்னது நெசமாங்க?"

சின்னச்சாமி லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ இருப்பா," என்றாள். "நீங்க அவகிட்டப் போங்க. வெரசாப் போங்க. அண்ணே, வண்டிய எடுங்க."

சின்னச்சாமி மேட்டில் ஓடி ஏறியபோது லாரி மன்னவனூரைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாரும் வாத்தியாரைச் சுற்றி நின்றார்கள். மூன்று வயதாக உட்கார்ந்திருந்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிள்ளையாகி, சட்டைக்குள் காணாமல் போனாள் என்றும், வாத்தியார் மப்ளரை அவிழ்த்து அவளைச் சுருட்டி வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. பூனைக்குட்டி அளவானாள், பூண்டு அளவானாள், அதில் ஒரு பல் அளவானாள், கடுகானாள். சின்னச்சாமி வாங்கி விரித்துப் பார்த்தபோது மப்ளரில் கம்பளி மட்டும்தான் இருந்தது. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

குருநாதனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மத்தியான மணி அடிக்கும் நேரம். மணி அடித்தால் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். பிள்ளைகளை உட்காரச் சொல்லி, மப்ளரை மேசைமேல் வைத்து, பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். அழகுமலை உள்ளேன் ஐயா என்றான். பிச்சையம்மாள் உள்ளேன் ஐயா என்றாள். அடுத்த பெயரில் விரலை வைத்தார். கூப்பிடாமல் விட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட்டாக வேண்டும். அந்தக் குறியைப் போட அவருக்குக் கை வரவில்லை. அதனால் கூப்பிட்டார்.

"பாப்பம்மாள்."

"உள்ளேன் ஐயா," என்றது மப்ளர். ஏழு வயதுக் குரல், கொஞ்சம் கோபமாக இருந்தது. "மடிச்சு வைக்காதீங்க சார். போர்டு தெரியல."

குருநாதன் மப்ளரை விரித்து, கரும்பலகையைப் பார்க்கும்படி வைத்தார். அந்த அவசரத்தில் பதிவேட்டில் மை சிந்திவிட்டது. வாசற்படியில் சின்னச்சாமி வாய்விட்டு அழுதார். அப்பா எதற்கு அழுகிறார் என்று பாப்பம்மாள் கேட்டாள். பிறகு ஆறாம் வாய்ப்பாட்டை எல்லாரோடும் சேர்ந்து சொல்லத் தொடங்கினாள்.

பதினோரு நாள் அப்படி நடந்தது. காலையில் சின்னச்சாமி மப்ளரைக் கொண்டுவந்து பெஞ்சில் விரிப்பார், மாலையில் எடுத்துப் போவார். கூழ் ஊற்றி வைத்தால் கிண்ணத்தில் குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிச்சையம்மாள் இடிக்கிறாள் என்று புகார் வந்தது. கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் அன்னக்கொடி வயிறு கிழித்த தையலோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். படுக்கச் சொன்ன நர்ஸ்களிடம் மேல்மலைக்காரர் யாராவது வந்தார்களா என்று மட்டும் கேட்டாள். பிறந்த ஆண்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். நாலாம் நாள் செல்லப்பாண்டி லாரியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, ஒம் மக ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போயிட்டாளாம். ஆளு தெரியலையாம். சத்தம் ஊரையே தூக்குதாம்."

அன்னக்கொடி அன்றைக்குத்தான் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் லாரி மன்னவனூரைத் தாண்டி ஏற ஏற, வகுப்பில் எல்லாரும் பார்க்க மப்ளரில் ஒரு கடுகு தெரிந்தது, பிறகு ஒரு பூண்டுப் பல், பிறகு ஒரு பிள்ளை. அன்னக்கொடி கைக்குழந்தையோடு வாசலில் நின்றபோது ஏழு வயதுப் பாப்பம்மாள், பெஞ்சில் எடுத்து வைத்திருந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, தம்பியின் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பாடம் முடியவில்லை என்று திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அன்னக்கொடி போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனாள். ஒட்டன்சத்திரம் சந்தையை முதல் தடவை கண்ணால் பார்த்தாள். போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை, அதோடேயே போய் வந்தாள். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி காலி பெஞ்சைக் காட்டி ஏதோ கேட்க, பெஞ்சே பதில் சொல்லிவிட்டது. கணக்கு சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். 1963இல் ஐந்தாம் வகுப்பு முடிந்தது. ஆறாம் வகுப்புக்குக் கோடைக்கானலில் இடம் கிடைத்தது. தங்குவதற்கு நாயுடுபுரத்தில் சின்னச்சாமியின் தங்கை சண்முகசுந்தரி வீடு இருந்தது. தட்டில் சோறு குறைகிறதா என்று பார்த்துக்கொள்வதாக அவள் ஒத்துக்கொண்டாள்.

ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை, கவுஞ்சிக்கு அந்த வருடம் புதிதாக வந்த பஸ்ஸில் பாப்பம்மாள் ஏறினாள். பதினோரு வயது, இரட்டைச் சடை, மடியில் தகரப் பெட்டி. பஸ் கிளம்பியது. சன்னலில் கையை ஆட்டிக்கொண்டே வந்தவள் முதல் வளைவில் ஒன்பதானாள், ஓடைப் பாலத்தில் ஏழானாள், மேட்டில் ஏறும்போது சன்னல் கம்பியை எட்டாத உயரத்துக்கு வந்து, விரல் நுனி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. காலி இருக்கையில் பாவாடை சட்டையும் அதன்மேல் தகரப் பெட்டியும் கிடந்ததைப் பார்த்த கண்டக்டர், ஆளில்லாத பெட்டி யாருடையது என்று சத்தம் போட்டார். ஆள் இருக்கிறது, கோடைக்கானலுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றது இருக்கை. அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று அவர் கேட்டார். வழியெல்லாம் ஏறிய சனங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கவுஞ்சியில் அன்னக்கொடி, பஸ்ஸின் புகை அடங்கும் வரை ரோட்டில் நின்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பிறகும் ஒருமுறை கையை ஆட்டிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள்.