பாகம் பிரித்த ஆஸ்டின்

"ஏலே, நூலைத் தாண்டாத! தாண்டினே, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!"

"நான் எங்க தாண்டினேன்? நூலுதான் காத்துல ஒங்க பக்கம் சாயுது. காத்தையும் பாகம் பிரிச்சு எழுதிக்கிட்டு வாங்களேன்!"

அன்று தெற்கு ரத வீதியில் காபி குடிக்காதவர்களுக்கும் தூக்கம் தெளிந்தது. கார் கொட்டகைக்குள் வலப்பக்கம் அண்ணன் ஞானசம்பந்தம் பிள்ளை, இடப்பக்கம் தம்பி நமச்சிவாயம் பிள்ளை, நடுவில் கறுப்பு ஆஸ்டின். முன்கண்ணாடியிலிருந்து மூக்கு வரை பூக்கட்டும் நூல் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நூலுக்கு வலப்புறம் அண்ணன் பங்கு, இடப்புறம் தம்பி பங்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்காகத் தோன்றும். தெருவுக்குப் பழகிப்போயிற்று. அப்பா கண்ணை மூடிய மறுவருஷமே இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நஞ்சை, புஞ்சை, அண்டா, குண்டா எல்லாம் பிரிந்தன. ஆட்டுரல் ஒரு வீட்டுக்கும் குழவி மறுவீட்டுக்கும் போனது என்பது மட்டும் தெருக்காரர்கள் சேர்த்த கைச்சரக்கு, நம்ப வேண்டாம். காரை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் மத்தியஸ்தர்கள் "அது பொதுவுல கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள்.

பொதுவில் கிடந்த இன்னொன்று, கல்யாணமாகாத தங்கை நெல்லையம்மாள். காரை நீளவாக்கில் பிரித்துக்கொண்டவர்கள் அவளை நாள்வாக்கில் பிரித்தார்கள். வளர்பிறையில் பெரியவர் வீடு, தேய்பிறையில் சின்னவர் வீடு. பிறை மாறும்போதெல்லாம் துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த முற்றத்தைக் கடப்பாள். அதைப் பார்ப்பதற்கென்றே எதிர்வீடுகளில் ஜன்னல் திறக்கும். "அமாவாசை வந்தாச்சாக்கும்" என்று ஒரு குரல் வரும். பஞ்சாங்கம் வாங்காத வீடுகள் தெருவில் அதிகமாகிவிட்டன.

அந்தக் காலையில் அவள் முற்றத்தில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மிளகாயையும் யாருடைய கழுத்தையோ திருகுவது மாதிரி திருகிப் போட்டாள்.

சண்டைக்கு மூலம் ஒரு டப்பா. நமச்சிவாயம் சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தா. மதுரைக்குப் போன இடத்தில் யாரோ ஒரு டாக்டரின் கார்க் கதவில் தம் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த முகம் அவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. விசாரித்து, ரப்பிங் காம்பவுண்டு என்ற களிம்பு டப்பாவோடு வந்து இறங்கினார். பெயிண்டின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கீறலையும் வெயில் தின்ற மங்கலையும் எடுக்கிற களிம்பு அது.

எடுத்த எடுப்பில் கலை கைவந்துவிடவில்லை. முதலில் உச்சி வெயிலில் தேய்த்தார். களிம்பு காய்ந்து சுண்ணாம்புப் பட்டையாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் நிழலில் தேய்த்தார். துணி தரையில் விழுந்தது, உதறாமல் எடுத்துத் தேய்த்ததில் அதில் ஒட்டிய மணல் புதிதாய் நாலு கோடு இழுத்தது. வட்டம் வட்டமாய்த் தேய்த்து முடித்து வண்டியை வெளியே தள்ளிப் பார்த்தால் கதவு முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கீறல். டிரைவர் பிச்சையா பக்கத்தில் நின்று, "புளி போட்டுத் தேச்சுப் பாருங்க மொதலாளி, எங்க வீட்டுக் குத்துவிளக்கு எப்படி மினுங்குது தெரியுமா?" என்று தன் பங்குக்கு ஒரு வித்தை சொன்னான். நல்லவேளை, நமச்சிவாயம் யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை.

கடைசியில் பிடிபட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், கொஞ்சம் களிம்பு, கொஞ்சம் ஈரம், மேலும் கீழுமாய் நேர்க்கோட்டில் தேய்ப்பு, துடைத்ததும் குனிந்து பக்கவாட்டில் ஒரு பார்வை. இடப்பக்கம் கண்ணாடியாயிற்று. ஒவ்வொரு தப்பையும் ஒவ்வொரு திருத்தத்தையும் மிளகாய்த் தட்டின் முன்னாலிருந்து நெல்லையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தாம் ஒருவர்தான் கற்றுக்கொண்டதாக எண்ணிக்கொண்டார்.

இடப்பக்கம் மினுங்க மினுங்க, வலப்பக்கம் அழுது வடிந்தது. பெரியவரின் மனைவி பார்வதியம்மாளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. "வண்டிக்கு மேலுல ஏதோ வியாதி, கண்ணு பட்டிருக்கு" என்று முடிவுகட்டினாள். இந்த ஊரில் மேலுக்கு எது வந்தாலும் மருந்து ஒன்றுதான், கோயில் புற்றுமண். அம்மாள் அதைக் குழைத்தாள். மனுஷ மேலில் பூசுகிற மாதிரி பூசிவிட்டு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். மண்ணைக் கழுவிய பிறகு பார்த்தால், அந்தப் பக்கம் பூனையும் சேவலும் சண்டை போட்ட இடம் மாதிரி இருந்தது.

"தோலுக்கே கேக்குற மண்ணு, தகரத்துக்குக் கேக்காமப் போச்சே" என்றாள்.

"பக்தி போதல மைனி" என்றாள் நெல்லையம்மாள். அது வளர்பிறைக் காலம். அதனால் அன்று அவளுக்கு மோர் கிடையாது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கடையநல்லூரிலிருந்து பெண் பார்க்க வரும் வரை. அவர்களை அழைத்துவரக் கார் போயிற்று. வந்து இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். இடப்பக்கம் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். வலப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏன் டிரைவர், இது ஒரு காரா, ரெண்டு காரா?"

பிச்சையாவுக்கு வாயில் பூட்டு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் திறந்தது மாதிரி அவ்வளவையும் சொன்னான். பெரியப்பா கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார். ஜாதகம் பொருந்திய பிறகுதான் அவர் வந்ததே. ஒரு காரையே ஒட்டி வைத்துக்கொள்ளத் தெரியாத அண்ணன் தம்பிகள் நாளைக்குப் பெண்ணுக்குச் சீரென்றும் பிரசவமென்றும் எப்படி ஒன்றாக நிற்பார்கள் என்று அவர் சொன்னது, அவர் ஊர் போய்ச் சேருவதற்குள் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது.

அடுத்து சிவகிரியிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை சங்கரராமன், பள்ளிக்கூட வாத்தியார். இதுவும் போனால் இந்த ஜன்மம் பிறைக்கு ஒரு வீடு என்றே போய்விடும் என்று நெல்லையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பெரியண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, சின்னண்ணாச்சிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லி ஒங்க பக்கத்தையும் தேய்க்கச் சொல்லுங்க."

"நான் அவங்கிட்டப் போயி நிக்கணுமாக்கும்? எம் பங்கு எப்படியும் கிடக்கும். பாக்கப் பிடிக்காதவன் கண்ண மூடிக்கிடட்டும்."

சின்னண்ணனிடம் போனாள்.

"தேய்ச்சுத் தாரேன், யாரு மாட்டேன்னா? அவரு வந்து வாயத் தொறந்து கேக்கட்டும். வித்தை படிச்சவன் வீடு தேடிப் போகமாட்டான்."

"தகரம் தேய்க்கதெல்லாம் ஒரு வித்தையாக்கும்?"

"தேய்ச்சுப் பாரேன், தெரியும்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சிவகிரிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், பெரியவர் வயலுக்கும் சின்னவர் ஆபீசுக்கும் போனதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். நூலை ஒரே இழுப்பில் அறுத்து எறிந்தாள்.

கோபம் தலைக்கு ஏறியிருந்தாலும் கை நிதானமாகவே இருந்தது. முதலில் வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தூசி இல்லாமல் எடுத்தாள். சின்னண்ணன் மறந்த பாடம் அது. வலப்பக்கம் பின் மட்கார்டின் அடியில், யார் கண்ணும் படாத இடமாகப் பார்த்து சின்னண்ணனின் டப்பாவிலிருந்து களிம்பு எடுத்து ஒரு உள்ளங்கை அளவு தேய்த்தாள். மங்கல் போய்க் கறுப்பு எழுந்து வந்தது. அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் கதவுக்கு வந்தாள்.

கதவில் மைனியின் தேங்காய் நார் ஆழமாய் உழுதிருந்தது. ஒரு கீறலை எடுத்துக்கொண்டு தேய்த்தாள், துடைத்தாள், பார்த்தாள். கீறல் அப்படியே இருந்தது. மறுபடி தேய்த்தாள். துணியில் இதுவரை கறுப்புதான் வந்துகொண்டிருந்தது, இப்போது அதோடு செங்காவி கலந்து வந்தது. கதவின் மடிப்பு ஓரத்தில், கறுப்புக்கு அடியில் பூசியிருந்த காவிப் பூச்சு எட்டிப் பார்த்தது. சட்டென்று கையை எடுத்தாள்.

அந்தப் பக்கம் வருஷக்கணக்காய் மேற்கு வெயில் விழுகிற பக்கம். பெயிண்டு ஏற்கெனவே வெங்காயத் தோலாக இருந்தது. கீறலின் ஆழம் பெயிண்டின் கனத்தைவிட அதிகம். கீறல் போகும்வரை தேய்த்தால் பெயிண்டும் கூடவே போய்விடும். இதைச் சின்னண்ணனும் எப்போதோ கண்டுபிடித்திருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவரால் முடியாது. முடியாததை மறைக்கத்தான் "வந்து கேக்கட்டும்" என்று அந்த ஜம்பம்! பெரியண்ணன் கேட்கவே மாட்டார் என்று தெரிந்த தைரியம்!

டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். கொட்டகைப் பல்லி வால் அறுந்து ஓடியது.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நின்றாள். இடப்பக்கம் கதவு, அவள் சிவந்த முகத்தை ஒரு மாசு மறுவில்லாமல் காட்டிக்கொண்டு நின்றது. அந்த மினுக்கத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கெட்ட பக்கத்தை நல்லதாக்க வழி இல்லை. நல்ல பக்கத்தைக் கெடுக்க வழி இருக்கிறதே!

அடுப்படிக்குப் போனாள். சாம்பலைச் சலித்து எடுத்தாள், பழைய சாக்கை நனைத்தாள். கெடுப்பது என்று சொல்லிவிட்டாலும் கண்டபடி கெடுக்கவில்லை. கற்றுக்கொண்ட அத்தனையும் இப்போதுதான் உதவியது. உள்ளங்கை உள்ளங்கையாக, ஒரே அழுத்தத்தில், முன்னிருந்து பின்னாக நேர்க்கோட்டில் தேய்த்தாள். வலப்பக்கத்திலும் அதே நேர்க்கோட்டில் மெல்ல ஓட்டி, பூனைச்சண்டைக் கீறல்கள் தனித்துத் தெரியாமல் அடக்கினாள். சாயங்காலம் வண்டி முழுக்க ஒரே நிறம், மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஒரு மங்கல் கறுப்பு. எது யார் பங்கு என்று கோர்ட்டு வந்தாலும் சொல்ல முடியாது.

ஆபீசிலிருந்து வந்த நமச்சிவாயம் கொட்டகையை எட்டிப் பார்த்தார். உள்ளே சாம்பல் சாக்கும் கையுமாக நெல்லையம்மாள் நின்றாள். அடுத்து அவர் போட்ட கூச்சல் சந்நிதித் தெரு வரை கேட்டது.

"அண்ணாச்சி! ஐயோ அண்ணாச்சி, ஓடி வாங்க! இங்கன வந்து இந்த அநியாயத்தப் பாருங்க!"

பாகம் பிரித்ததற்கப்புறம் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். பெரியவர் செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார்.

"எம் பக்கத்துலயும் கைவச்சிருக்காளே! யாரக் கேட்டுட்டி தொட்டே?"

"எம் பக்கம் கண்ணாடி மாதிரி இருந்துச்சே அண்ணாச்சி!"

"இருந்துச்சுலே. நான் பாக்கலையா? என்ன மினுக்கம்! மதுரையில கூட அப்படிக் கிடையாது."

"பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னீயளா?"

"சொன்னா ஒனக்குத் தலைக்கனம் ஏறிரும்னு விட்டுட்டேன். இப்பம் பாரு, இந்தப் பாவி மக..."

"ரெண்டு பேரும் வாய மூடுதீயளா?" நெல்லையம்மாள் சாக்கை அவர்கள் காலடியில் எறிந்தாள். "மினுக்கமாம் மினுக்கம். இந்தக் காரு ஊரு ஊராப் போயி நம்ம வீட்டு லட்சணத்தத் தம்பட்டம் அடிக்கி. அது வாய அடைச்சிருக்கேன். அருவாளு எடுத்து என்னையும் நெடுக்கப் பிளக்க முடியாமத்தான பிறை பாத்துப் பங்கு போட்டீய? நாளைக்கு வாரவங்க முன்னால எவராவது ஒருத்தர் 'எம் பங்கு'ன்னு வாயெடுத்தா, நான் கூடத்துக்கு வரமாட்டேன். கொட்டகைக்கு வந்து நின்னு அவங்ககிட்ட அவ்வளவையும் நானே சொல்லுவேன்."

"என்னட்டி வாய் நீளுது?" என்றார் பெரியவர்.

"அதானே, என்ன வாய் நீளுது?" என்றார் சின்னவர்.

பார்வதியம்மாள் வாசற்படியில் நின்று, "பொம்பளப் பிள்ளைக்கு இது ஆகாது" என்றாள். மூன்று பேரும் ஒரே பேச்சாய்ப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ராத்திரி அண்ணன் வீட்டில் தம்பி சாப்பிட்டார். தங்கையைத் திட்டி முடிக்க ஒரு பந்தி போதவில்லை என்று கேள்வி.

மறுநாள் சிவகிரிக்காரர்கள் அதே காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சேதி அவர் காதுக்கும் எட்டியிருக்கும்போல. பிச்சையா வாயைத் திறக்கப் போனான். பெரியவர் ஒரு முறை முறைத்தார், அதே நேரத்தில் சின்னவரும் முறைத்தார். அவன் கொட்டாவி விட்டது மாதிரி மூடிக்கொண்டான்.

"பழைய வண்டின்னாலும் ஒரே சீரா வச்சிருக்கீயளே" என்றார் மாமன். "அண்ணன் தம்பி ஒத்துமை மொகத்துலயே தெரியுது வே."

தெரிந்ததென்னவோ உண்மை. இரண்டு முகமும் ஒரே அளவுக்கு உப்பியிருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் மேல்தான் கோபம்.

உள்ளே மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"என்னம்மா இது?"

"கார் துடைச்சேன்."

"வேலைக்கு ஆளு இல்லையா?"

"இருக்காங்க. எல்லாரும் பெரிய ஆளுங்க" என்றாள் நெல்லையம்மாள். அந்தம்மாள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். தை மாதம் கல்யாணம். மறுவீடு போகையில் அந்தக் காரில் கால் வைக்கமாட்டேன் என்று நெல்லையம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். கழுத்து நிறைய நகையும் தலை கொள்ளாத பூவுமாய், சங்கரராமனோடு சிவகிரி பஸ்ஸில் ஏறிப் போனாள். அதற்கப்புறம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தால்கூட கோயிலோடு திரும்பிவிடுவாள். இரண்டு வீட்டிலும் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டாள்.

திட்டுவதற்குத் தங்கை இல்லாமல் போனதும் ஒற்றுமையும் போயிற்று. காரை ராஜபாளையத்து மில்காரர் ஒருவருக்கு விற்றார்கள். நமச்சிவாயம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்விட்டார். பார்வதியம்மாளின் மகள் கோமதியைப் புளியங்குடியில் கொடுத்தார்கள். பிச்சையா பஸ் கம்பெனியில் சேர்ந்து, மேலநீலிதநல்லூரில் பெண் கட்டி, அங்கேயே தங்கிவிட்டான்.